கல்லூரியா, காண்ட்ராக்டா? கூடைப்பந்து வீரர்கள் படிப்பை விட்டு சீக்கிரமே 'புரொஃபஷனல்' ஆவது லாபமா?

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது வட்டவடை. பூண்டு, உருளை, கேரட் விளையும் மலை கிராமம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். இங்கிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போகவே சுமார் 45 கி.மீ. மலைப்பாதை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை ஆறடிக்கு மேல் வளர்ந்து, கூடைப்பந்தில் தேறி, சமவெளியில் ஒரு கல்லூரியின் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு லீக் அணி கூப்பிடுகிறது. போகலாமா?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. நீதிமன்றம் வரை போன வழக்கு, மாறிக்கொண்டே இருக்கும் விதிகள், கோடிக்கணக்கான டாலர்கள் என்று அது ஒரு தனி உலகம். இந்தியாவிலும் அதே கேள்விதான், ஆனால் கணக்கு வேறு. இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: போன இடத்தில் சரிவரவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கிறதா?

அமெரிக்காவில் விதி என்ன?

1960-களின் இறுதி வரை, பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாத யாரையும் என்பிஏ சேர்த்துக்கொள்ளாது. டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஸ்பென்சர் ஹேவுட் அதை எதிர்த்தார். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. கதவு திறந்தது.

அதற்குப் பிறகு கெவின் கார்னெட் (1995), கோபி பிரையன்ட் (1996), லெப்ரான் ஜேம்ஸ் (2003) எல்லாம் பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்குப் போனார்கள். நமக்கு ஞாபகம் இருப்பது ஜெயித்தவர்களின் பெயர்கள் மட்டும்தான். அதே வழியில் போய்க் காணாமல் போனவர்களை யாரும் டி-ஷர்ட்டில் அச்சடிப்பதில்லை.

2005-ல் என்பிஏவும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் விதி மறுபடி மாறியது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க வீரர் என்றால், பள்ளி முடித்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். இதனால் திறமைசாலிகள் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்பினார்கள். 2025 டிராஃப்ட்டில் முதல் ஆளாக டல்லஸ் அணி தேர்ந்தெடுத்த கூப்பர் ஃப்ளாக், டியூக் பல்கலைக்கழகத்தில் ஆடியதும் ஒரே ஒரு சீசன்தான்.

அவருக்கு அது சுலபமான முடிவு. சிக்கல் 25-வது இடத்திலா, 45-வது இடத்திலா, இல்லை பட்டியலிலேயே இருக்க மாட்டோமா என்று தெரியாத வீரருக்குத்தான்.

முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் என்ன வித்தியாசம்?

டிராஃப்ட் என்பது, புதிய வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நாள். ஒரு சுற்றுக்கு 30 என இரண்டு சுற்றுகள், வழக்கமாக மொத்தம் 60 இடங்கள்.

முதல் சுற்றில் தேர்வானால் சம்பள அளவு முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. காயம் பட்டாலும், பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாலும் பணம் வரும். இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. அணி ஒப்பந்தமே போடாமலும் விடலாம். நிறைய பேர் 'டூ-வே' என்ற ஒப்பந்தத்தில் போவார்கள். பாதி நாள் என்பிஏ, பாதி நாள் அதன் கீழ்நிலை லீக்கான ஜி லீக். 2024-25 சீசனில் அதற்கான சம்பளம் சுமார் 5.8 லட்சம் டாலர்.

நம் ஊர்க் கணக்கில் அது பெரிய தொகைதான். ஆனால் அதே வீரர் கல்லூரியிலேயே இருந்தால் இப்போது அதைவிட அதிகம் கிடைக்கலாம். கணக்கு தலைகீழாகப் போனது இங்கேதான்.

353-லிருந்து 106: என்ன நடந்தது?

2021 டிராஃப்ட்டுக்குப் படிப்பு முடியும் முன்பே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், இதுவரை இல்லாத உச்சம். 2025-ல் அதே பட்டியலில் 106 பேர்தான். நான்கே ஆண்டில் 70 சதவீதம் சரிவு.

ஒரு எச்சரிக்கை: 2021 எண்ணிக்கை கொஞ்சம் ஊதிப் பெருத்தது. கொரோனா காரணமாகக் கல்லூரி வீரர்கள் எல்லோருக்கும் கூடுதலாக ஓராண்டு ஆட அனுமதி கிடைத்ததால், வழக்கமாக 'படிப்பு முடித்தவர்' கணக்கில் வந்திருக்க வேண்டிய கடைசி ஆண்டு மாணவர்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சரிவு சரிவுதான்.

காரணம் பணம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, மாணவர்கள் ஆட்டத்தை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தது. டிவி உரிமம் வழியாகக் கல்லூரிகள் சம்பாதிக்கலாம், பயிற்சியாளர் கோடிகளில் சம்பளம் வாங்கலாம், ஆடுகிற பையனுக்கு மட்டும் ஸ்காலர்ஷிப். என்னைக் கேட்டால் இது ரொம்ப நாள் தாக்குப்பிடித்ததுதான் ஆச்சரியம். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இன்னொரு சமரசத்தின்படி, ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம்.

'டிராஃப்ட்டில் 50-வது இடம் கிடைக்குமோ என்னவோ' என்ற நிலையில் இருப்பவர் இனி எதற்கு அவசரப்பட வேண்டும்?

இத்தோடு திரும்பி வரும் வழியும் அகலமானது. 2016-ல் என்சிஏஏ விதி ஒன்று மாறியது. டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்து, அணிகள் முன் ஆடிக் காட்டி, தன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டு, கடைசித் தேதிக்குள் பெயரைத் திரும்பப் பெற்றால் கல்லூரியில் தொடர்ந்து ஆடலாம்.

இப்போது அதற்கும் மேலே போய்விட்டது. ஜி லீக்கில் சம்பளம் வாங்கி ஆடிய தியரி டார்லன், 2025-ல் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2023 டிராஃப்ட்டில் 31-வது ஆளாகத் தேர்வான ஜேம்ஸ் நாஜியை 2025 டிசம்பரில் பேய்லர் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. டிராஃப்ட் ஆனவரே கல்லூரிக்குத் திரும்புகிறாரா என்று பயிற்சியாளர்கள் பலர் கொதித்தார்கள். ஒருவழிப் பாதையாக இருந்தது இருவழிப் பாதையாகிவிட்டது.

இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு என்ன ஆனது?

இரண்டு பேரைப் பார்க்கலாம். இருவரும் பஞ்சாப்காரர்கள், இருவரும் அமெரிக்கக் கல்லூரியில் ஆடாமலே போனவர்கள்.

சத்னாம் சிங். ஏழடி இரண்டு அங்குலம். பல்லோ கே என்ற விவசாயக் கிராமத்திலிருந்து ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனவர். 2015 டிராஃப்ட்டில் டல்லஸ் அணி 52-வது இடத்தில் எடுத்தது. என்பிஏ டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர். ஆனால் 52 என்பது இரண்டாம் சுற்று. டல்லஸின் கீழ்நிலை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் ஆடினார், என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு கனடா லீக். 2020-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டு ஆண்டு தடை. அதன் பின் அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்.

பிரின்ஸ்பால் சிங். இந்தியாவில் நடந்த என்பிஏ அகாடமியில் தேறியவர். 2020-ல் 'ஜி லீக் இக்னைட்' அணியில் ஒப்பந்தமானார். கல்லூரிக்குப் போகாமல் சம்பளத்தோடு பயிற்சி பெற விரும்பும் இளம் வீரர்களுக்காகவே அந்த ஆண்டு தொடங்கப்பட்ட அணி அது. 2021-ல் சம்மர் லீக் கோப்பையை வென்ற சாக்ரமென்டோ அணியில் அவரும் இருந்தார். இக்னைட் என்ன ஆனது? கல்லூரியிலேயே பணம் கிடைக்கத் தொடங்கியதும் அதற்கு வேலை இல்லாமல் போனது. 2023-24 சீசனோடு மூடிவிட்டார்கள். தொடங்கி நான்கு சீசன் தான்.

ஆள் சரியாக இருந்தாலும், நம்பிப் போன ஏற்பாடே மறைந்துபோகலாம். இதைக் கையெழுத்துப் போடும் நாளில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் அமெரிக்கக் கல்லூரியே நல்ல வழியா? அமான் சந்து அப்படித்தான் 2022-ல் மான்மத் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். படிப்பும் ஆட்டமும் கிடைக்கும். ஆனால் மேலே சொன்ன விளம்பரப் பணத்தில் ஒரு தடை இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் எஃப்-1 விசாவில் போகிறார்கள், அந்த விசா அமெரிக்காவில் வேலை செய்து சம்பாதிப்பதைப் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து லாக்கர் பையனுக்குக் கிடைப்பது நம் பையனுக்கு அப்படியே கிடைத்துவிடாது.

நம் ஊரில் கணக்கு ஏன் வேறு?

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு கூடைப்பந்து வீரரின் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த லீக்?' என்பதல்ல. 'வேலை கிடைக்குமா?' என்பதுதான். அதைக் குறை சொல்ல முடியாது. பூண்டு விலை விழுந்தால் அந்த வருடமே ஆட்டம் காணும் குடும்பத்துக்கு, மாதா மாதம் வரும் சம்பளம் சாதாரண விஷயம் இல்லை.

இந்தியாவில் கூடைப்பந்தைத் தாங்கி நிற்பதே அலுவலக அணிகள்தான். தெற்கு ரயில்வே, கேரள மின்வாரியம், கேரள போலீஸ், சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி என்று பட்டியல் போகும்.

லீக்குகளின் கதை என்ன? யுபிஏ என்ற தொழில்முறை லீக் 2015-ல் தொடங்கியது, சென்னைக்கும் ஒரு அணி இருந்தது. 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. 2022-ல் இந்திய கூடைப்பந்து சம்மேளனத்தின் ஆதரவோடு ஐஎன்பிஎல் வந்தது. சென்னை ஹீட், கொச்சி டைகர்ஸ் உட்பட ஆறு அணிகள். 2025-ல் அதே அமைப்பு 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென ஒரு லீக் நடத்தியது. கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல மேடைதான். ஆனால் அது சில வாரங்களில் முடிகிற போட்டி. மற்ற மாதங்களுக்கு?

இதற்கு எதிரே அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டை வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் நேரடி நியமனத்தில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களை எடுக்கலாம். கேரள அரசு ஆண்டுக்கு 50 விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 3 சதவீத ஒதுக்கீடு. (வட்டவடைக்காரர்கள் வீட்டில் தமிழ் பேசினாலும், ஆவணப்படி கேரளத்துக்காரர்கள். அவர்கள் பார்க்க வேண்டியது கேரளக் கணக்கை.)

கல்லூரியை விட்டால் எதை இழக்கிறோம்?

பலர் கவனிக்காத இடம் இதுதான். மத்திய அரசு ஒதுக்கீட்டில் தகுதியாக ஏற்கப்படுபவற்றில் ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருப்பது. இந்தியா ஜெர்ஸி, மாநில ஜெர்ஸி கிடைக்காதவருக்கு அந்தச் சான்றிதழ்தான் பிடிமானம். அதில் ஆட முழுநேர மாணவராக இருக்க வேண்டும். முதலாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டு லீக்குக்குப் போனவர் பட்டத்தை மட்டும் இழப்பதில்லை, இந்தத் தகுதியைச் சேர்க்கும் வாய்ப்பையும் இழக்கிறார். பட்டம் இல்லாவிட்டால், பட்டம் கேட்கும் பணிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

கேரளத்தில் 2024-ல் தொடங்கிய நான்காண்டு பட்டப்படிப்பில், மூன்றாம் ஆண்டு முடிவிலேயே பட்டத்தோடு வெளியேறலாம். ஆக, இரண்டாம் ஆண்டில் அழைப்பு வந்தால், தள்ளிப்போட வேண்டியது ஓராண்டுதான்.

வேலையையும் வெளிநாட்டு ஆட்டத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கேரளத்துப் பெண்கள். கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ், சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர், தெற்கு ரயில்வே வீராங்கனை. 2006 முதல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ அணிகள் மூன்று அவரைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை, ஆனால் திரும்பி வர ரயில்வே வேலை இருந்தது. வயநாட்டுக்காரர் பி.எஸ்.ஜீனா, கேரள மின்வாரிய ஊழியர், 2018 ஆசியப் போட்டியில் இந்திய அணியின் கேப்டன். 2019-ல் அதே ரிங்வுட் கிளப்புக்குப் போய் ஆடினார். ஆண்கள் அணியிலிருந்து இப்படிப் போய் வந்தவர்களை விட இவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு என்பது வேறு கதை.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் என்ன பார்க்கணும்?

சம்பளம் மாதக் கணக்கா, போட்டிக் கணக்கா, மொத்தத் தொகையா என்று பாருங்கள். காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆடாத நாளுக்குப் பணம் உண்டா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். முழங்கால் சவ்வு கிழிந்தால் திரும்பி ஆட ஒரு சீசன் முழுக்கக்கூடப் போய்விடும், வாய்மொழி உறுதி அங்கே நிற்காது. லீக் பாதியில் நின்றால் பாக்கி யார் தருவார் என்பதையும், அந்த லீக்கைக் கூடைப்பந்து சம்மேளனம் அங்கீகரிக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் கல்லூரியில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். லீக் நாட்களுக்கு வருகைப்பதிவுச் சலுகை கிடைக்குமா என்று முதல்வரிடம். லீக் ஒப்பந்தம் போட்ட பிறகும் பல்கலைக்கழக அணியில் ஆடத் தகுதி இருக்குமா என்று உடற்கல்வி இயக்குநரிடம். இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.