சாயத் தாவரங்களின் அருகல்: ஆரணி வட்டாரத்திலிருந்து ஒரு நோக்கு

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, இன்று பட்டுச்சேலைக்குப் பெயர்பெற்றிருப்பினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய மஸ்லின் துணிக்கும் அறியப்பட்டிருந்த நெசவூர் ஆகும். செயற்கைச் சாயம் வருமுன் தென்னாட்டு நூலுக்கு நிறம் தந்தவை, அரக்குப் பூச்சியை விட்டால், பெரும்பாலும் தாவரங்களே. ஒரு தாவரத்தின் அருமையை அதன் பரவல் எல்லை, வாழிடத் தேர்வு, ஓரிடத்து எண்ணிக்கை என்னும் மூன்று அளவுகோல்களால் சூழலியலாளர் டெபோரா ராபினோவிட்ஸ் 1981இல் விளக்கி, அருமையில் ஏழு வகை உண்டு என்றார். சாயத் தொழிலின் வரலாறோ, அறுவடைக்குப்பின் மீளும் வேகத்தையும் இவற்றோடு சேர்க்கச் சொல்கிறது.

பட்டுக்குச் செம்மஞ்சள் தந்த கபிலப்பொடி, இமயம் முதல் ஆஸ்திரேலியா வரை பரவிய ஒரு மரத்தின் முப்புடைக் காய்களின் மேல் படியும் சிவந்த தூளாகும். காய்களைக் கூடையிலிட்டுத் தேய்த்தால் தூள் உதிரும். நீரில் கரையாத அதனைக் காரம் சேர்த்துக் காய்ச்சிப் பட்டுநூலை நனைப்பர். காய் போனாலும் மரம் நிற்குமாதலின் அது அருகவில்லை. நீலம் தந்த அவுரியோ விதைத்து இலையறுக்கும் பயிராதலின் அதுவும் அருகவில்லை.

சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்குச் சிவப்பூட்டிய சாயவேரின் கதை வேறு. வேரைத் தோண்டினால் செடி மடியும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் டச்சுக்காரர் அதன் அகழ்வைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அளவுக்கு அதற்குக் கிராக்கி இருந்தது. ஆயினும் மணற்பாங்கில் இளமையிலேயே விதை உதிர்க்கும் சிறுசெடியாதலின், அது தப்பியது. அதன் நிறப்பொருளான அலிசரினை 1868இல் வேதியியலாளர்களான கிரேபெயும் லீபர்மானும் ஆய்வகத்தில் உருவாக்க, அடுத்த சில ஆண்டுகளில் தோண்டுவோரின் பிழைப்புத்தான் அருகியது.

செம்மரம் இவை அனைத்திற்கும் மாறானது. ஆரணிக்கு வடக்கே, திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு சிறு பகுதியில், வறண்ட கற்பாறை நிலத்தில் மட்டுமே இயல்பாக வளரும் அம்மரத்தின் சாயம் வயிரக்கட்டையில் உள்ளது. வயிரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும், அதை எடுக்க மரத்தையே வீழ்த்தவேண்டும். ஐரோப்பியர் சாயத்திற்கு வாங்கிய காலம் முடிந்தபின்னும் மரச்சாமானுக்கும் இசைக்கருவிக்கும் கிழக்காசியா அதனைக் கேட்டதால், செயற்கைச் சாயம் சாயவேருக்கு அளித்த ஓய்வு செம்மரத்திற்குக் கிட்டவில்லை. 1995இல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.