பாயான் லெப்பாஸ் முத்திரை

பினாங்கின் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய நாளிலிருந்தே தொடங்குவர். சுங்கமில்லாத் துறைமுகம் என்ற ஒரு சொல்லை நம்பிச் சோழமண்டலக் கரையிலிருந்து துணிப்பொதிகளோடு வந்த மரைக்காயர்களையும், கிட்டங்கியில் பெட்டியடி முன் அமர்ந்து வட்டிக்கணக்கு எழுதிய செட்டியார்களையும், பிட் தெருவில் பல தேசத்து நாணயங்களை எதிரே பரப்பிவைத்திருந்த தமிழ் முஸ்லிம் பணமாற்று வியாபாரிகளையும் வர்ணிப்பர். பிற நாட்டுச் சரக்கை வாங்கித் தரம் பிரித்துக் கைமாற்றிப் பிழைத்த அந்த ஊரின் வரலாற்றில், அளவான பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விளையாட்டுக்கென்று தன் முதல் கணினியைத் தானே கூட்டிச் சேர்ப்பதற்காக உறுப்பு தேடிக் கடை கடையாக ஏறியிறங்கிய இளைஞனுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

1969ல் அந்தச் சுங்கவிலக்கு நீக்கப்பட்டபோது, துறைமுகத்தை அண்டியிருந்த குடும்பங்கள் பல வேலையின்றித் தவித்தன. அவ்வாண்டிலேயே முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் யூ, கப்பல் கைவிட்ட ஊரை ஆலைகளைக் கொண்டு காப்பாற்ற நிச்சயித்து, வயல்வெளியாகக் கிடந்த பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயத்தை உண்டாக்கினார். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை 1972ல் இங்கேதான் எழுந்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்டு, ஹிட்டாச்சி, போஷ் முதலிய ஸ்தாபனங்களும் சேர, ‘எட்டுச் சாமுராய்கள்’ என்ற பட்டப்பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. வெளிநாட்டில் பொறிக்கப்பட்டு வந்த சிலிக்கன் வில்லைகளை நறுக்கி, நுண்ணோக்கியின்கீழ் தலைமயிரினும் மெல்லிய கம்பியால் பிணைத்து, உறையிலிட்டு, சோதித்து, தரம் பிரித்து முத்திரையிடுவதே இங்கு நடந்த தொழில். அதனைப் பெரும்பாலும் செய்தவர்கள் இளம்பெண்கள்.

வலயத்துச் சரக்கு ஏற்றுமதிக்கென்றே ஏற்பட்டது. ஆகையால், பாயான் லெப்பாஸில் முத்திரை பெற்ற சிப், ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜார்ஜ் டவுன் கடைக்கு நேர்வழியில் வந்து சேர்வதில்லை. உலகச் சந்தைக்குரிய பொருளாகி, மொத்த வியாபாரிகள் கைமாறி, டாலர் விலையைச் சுமந்துகொண்டு, பிறந்த ஊருக்கே விருந்தாளியாக வரவேண்டியிருந்தது. அது கடைசியில் வந்து அமர்ந்த கடைகள் இருந்த இடங்களில் ஒன்று கொம்தார்: அதே லிம் சொங் யூவின் காலத்தில் 1974ல் தொடங்கி 1980களின் நடுவில் முடிந்த 65 மாடிக் கோபுரம். ஆலைகளை அழைத்தவரும் கோபுரத்தை எழுப்பியவரும் ஒருவரேயாயினும், இரண்டுக்கும் இடையே டாலர் நின்றது.

அந்த டாலரின் கொடுமை 1998ல் விளங்கிற்று. முந்திய ஆண்டின் நடுவில் ஏறக்குறைய இரண்டரை மலேசிய வெள்ளிக்குக் கிடைத்த டாலர், ஆசிய நிதி நெருக்கடியில் எங்கெங்கோ தாவி, செப்டம்பர் 2ஆம் தேதி 3.80 வெள்ளி என்று அரசாணையால் கட்டிவைக்கப்பட்டது. அதற்கு ஒன்பது நாள் முன்பு இன்டெல் புதிய பிராசஸர்களை வெளியிட்டிருந்தது. ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குவோருக்கு, 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 ஒன்று 669 டாலர். செலரான் 300ஏ ஒன்று 149 டாலர். புதிய விகிதத்தில் கணக்கிட்டால் முன்னது 2,542 வெள்ளி, பின்னது 566 வெள்ளி. பழைய விகிதத்திலோ செலரானுக்கு 373 வெள்ளி போதும்.

செலரான் என்ற பெயருக்கு அப்போது மதிப்பில்லை. சில மாதங்களுக்கு முன் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகமே இல்லாததால் விளையாடுவோர் அதனை இகழ்ந்திருந்தனர். 300ஏயிலோ 128 கிலோபைட் கேஷ், அதே சிலிக்கனில் பொறிக்கப்பட்டு முழு வேகத்தில் ஓடிற்று. பென்டியம் 2ல் அதைப்போல் நான்கு மடங்கு இருந்தும் பாதி வேகமே. மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நான்கரையால் பெருக்கி 300 என்று ஓடும்படி பூட்டியிருந்த அந்தப் பிராசஸரை, 440பிஎக்ஸ் வகை மதர்போர்டில் ஏற்றி 100 துடிப்பில் ஓட்டினால், அதே நான்கரைப் பெருக்கத்தில் 450 ஆகிவிடும். எல்லாம் அவ்வாறு ஓடியதில்லை, ஓட்டினால் உத்தரவாதமும் இல்லை. ஆயினும் பெரும்பாலானவை தாங்கின. மலிவுச் சரக்குக்குச் சந்தையில் ஓர் இடம் வேண்டியிருந்தமையால், வல்லமை மிக்க சிலிக்கனும் 300 என்ற முத்திரையோடு வெளிவந்தது. உலகெங்கும் இந்த வித்தையில் ஈடுபட்டோர், ‘மலாய்’ என்று பொறித்தது உத்தமமா, ‘கோஸ்டா ரிக்கா’ என்று பொறித்தது உத்தமமா என்று வாதிட்ட விநோதமும் நிகழ்ந்தது. நம் ஊர்ப் பெயரறியாத அந்நியர், மாம்பழத்துக்கு ஊர் கேட்பதுபோல் அதற்கும் ஊர் கேட்டனர்.

பிராசஸரில் மிஞ்சிய பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே அன்றைய புத்திசாலியின் முறை. 3டிஎஃப்எக்ஸ் ஸ்தாபனத்தின் வூடூ2 கார்டுக்கு, சாதாரணப் படம் காட்ட இன்னொரு கார்டின் துணை வேண்டியிருந்தும், அதனையே விரும்பினர். கேசிங்கையும் விசைப்பலகையையும் பழம்பொருள் சந்தையில் எடுத்தாலும் நஷ்டமில்லை. பவர் சப்ளையில் மிச்சம் பிடித்தவனுக்கோ, அது புகைந்த அன்று மற்ற உறுப்புகளையும் இழக்கும் அபாயம் உண்டு. தராசு தெரிந்த வியாபாரி சாக்கின்மேல் எழுதியதைப் படிப்பதோடு நிற்காமல் கைவிட்டு அள்ளிப் பார்ப்பானே, சிப்பின் முத்திரையைத் தாண்டிப் பார்த்ததும் அந்த வழக்கந்தான்.

இதே கதை 2009ல் வேறு வேடத்தில் வந்தது. இரண்டு கோர் என்று விற்ற ஏஎம்டியின் பினாம் 2 எக்ஸ்2 550க்குள் நான்கு கோர் பொறிக்கப்பட்டிருந்தன. அடைத்துவைத்த இரண்டில் பழுதில்லையெனில், ஏற்ற மதர்போர்டு கொண்டு அவற்றைத் திறக்கலாயிற்று. அக்காலத்து ஏஎம்டி சிப்களின் உலோக மூடியில், ஜெர்மனியில் சிலிக்கன் பொறித்ததும் மலேசியாவில் செய்து முடித்ததும் இரு வரிகளாக எழுதியிருக்கும். கடையில் ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உண்டு. பிறகு அதன்மேல் வெள்ளைப் பசையைத் தடவிக் குளிர்விசிறியைத் திருகிவிட்டால், பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் பொறித்த ஊர்ப்பெயர் மறைந்து, விளையாட்டு தொடங்கிவிடும்.