கிரீடமும் சிங்கமும்

கோவைக் காவல் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழந்துப்பாக்கிகளின் முன் நிற்கையில் நம்முள் எழும் கேள்விகள் இரண்டு: எங்கே பிறந்தது? என்ன விலை பெறும்?

லீ என்ஃபீல்டு வகையாயின், முதற்கேள்விக்கு விடை, கட்டையின் கழுத்தைப் பற்றியுள்ள இரும்பு வளையத்தின் வலப்புறம் பொறிக்கப்பட்டிருக்கும். 'என்ஃபீல்டு' எனில் இங்கிலாந்து. 'இஷாப்பூர்' எனில் வங்காளம். விடுதலைக்குப்பின் இஷாப்பூரில் கிரீடத்தின் இடத்தை அசோகச் சிங்கம் பெற்றது.

சிலவற்றின் குழலில் புரியே இராது. .303 குழலை .410 ஆகக் கடைந்து, ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடும்படி மாற்றிக் காவலர்க்கு அளித்தனர். தன் காவலரையே முழுதாக நம்பாத அரசின் அச்சத்தை அக்குழலில் நாம் காண்கிறோம்.

விலையோ, அயல்நாட்டுச் சேகரிப்பாளர் இம்முத்திரைகளைக் கொண்டே மதிப்பிடுவர். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. ஆகவே நமக்கு எஞ்சும் மதிப்பு ஒன்றே: யார் முத்திரையோடு, யாரை நோக்கி அது நீண்டது என்பது.