இராமநாதபுரத்து ஆங்கிலமும் மென்திறனும்

குழு விவாதம், நேர்முகத் தேர்வு, மேடைப்பேச்சு என்று இன்று கல்லூரி ஆங்கில வகுப்போடு சேர்த்தே மென்திறனும் கற்றுத் தருகிறார்கள். கணினி நிறுவனங்கள் வந்த பிறகு முளைத்த விஷயம் இது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் ஏர்வாடி அமைந்திருக்கும் இந்த இராமநாதபுரம் சீமையில் இதன் வேர் 1785 வரை போகிறது.

பேசுவதற்காக ஒரு பள்ளி

அந்த ஆண்டில் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார். திட்டம், தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனுடையது. அப்போது அரண்மனைக்கும் கம்பெனிக்கும் நடுவே துபாஷிகள்தான் பேசினார்கள். அவர்கள் இல்லாமல் இரு தரப்பும் நேராகப் பேச வேண்டும் என்பதே நோக்கம். 1787இல் கம்பெனி இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கினார்கள். கம்பெனியின் சுயநலம் இதில் இருந்தது உண்மை. ஆனாலும் ஆங்கிலம் இங்கே பேச்சுக்காகத்தான் வந்தது.

எழுதுவதற்காக ஒரு பட்டம்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு உருவானது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் தந்தது. ஆங்கிலம் விடைத்தாளுக்குள் போய்விட்டது. மனப்பாடம் செய்தவர் தேறினார். வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. இன்று பட்டம் பெற்றவர் நேர்முகத் தேர்வில் தடுமாறுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

கலாம் காட்டிய வழி

இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், இராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் பெயரில் உள்ள பள்ளியில்தான் படித்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் சைவ உணவகச் செயலாளராகப் பொறுப்பேற்றார். சென்னை எம்.ஐ.டி.யில் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டியில், விமானம் கட்டுவதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினார். பொறுப்பும் தெளிவாகச் சொல்லும் திறனும் எந்த மொழியிலும் வளரும் என்பதற்கு இதுவே சான்று.

முடிவாக

2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. நல்ல முயற்சி. ஏர்வாடி தர்காவுக்கு வரும் வெளிமாநிலத்தாரிடம் பேசி வியாபாரம் செய்யும் கடைக்காரப் பையனிடம் மென்திறன் ஏற்கெனவே இருக்கிறது. அவன் கல்லூரிக்கு வரும்போது, தப்பாகப் பேசினாலும் சிரிக்காமல் கேட்கும் ஒரு வகுப்புதான் அவனுக்கு வேண்டும். இலக்கணத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பயந்து மூடிய வாயைத் திறப்பதுதான் கஷ்டம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?