வலி போனதும் கல் போனதும்

போகியன்று காப்புக் கட்ட ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்க்கிறோமே, அந்த வெள்ளைப் பூங்கொத்துதான் சிறுபீளை. கோவளத்தில் எங்கள் தெருவோர மணலிலேயே முளைத்துக் கிடக்கும். கல்லடைப்பு என்று யார் வந்தாலும் அம்மா அதை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, நெருஞ்சில் முள்ளும் சேர்த்து நசுக்கி, ஒரு படி தண்ணீர் கால் படியாக வற்றும்வரை காய்ச்சிக் கொடுப்பாள். வசதியுள்ளவர்கள் நாட்டு மருந்துக்கடையில் நண்டுக்கல் பற்பம் வாங்குவார்கள். கல்லாக இறுகிப்போன பழங்கால நண்டைப் புடம் போட்டு எடுக்கும் மருந்து அது. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்தபின், அங்கேயே மருத்துவரிடம் காட்டி வாங்கும் வழி வந்தது.

இந்த நோய் எங்கள் கரையில் வராமல் இருந்தால்தான் அதிசயம். விடியுமுன் கட்டுமரம் ஏறுகிறவர் கொண்டுபோவது கொஞ்சம் தண்ணீர். உடம்பு நீரெல்லாம் வேர்வையாகப் போய்விட, சிறுநீர் கெட்டிப்பட்டு உப்புகள் படிகமாகும். கேளம்பாக்கம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களுக்கும் இதே கதிதான்.

கஷாயம் எதுவானாலும் அந்த நேரத்து வலியை நிறுத்தாது. நான் நர்ஸாக இருந்தவள். இந்த வலியைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வேன். குடல்வால் வீங்கியவர் அசையாமல் படுத்திருப்பார். கல்லடைப்புக்காரர் உட்காருவார், எழுவார், சுவரில் நெற்றியை அழுத்துவார், வாந்தி எடுப்பார். வலி விலாவில் பிடித்துத் தொடை இடுக்குவரை இறங்கும். முன்பெல்லாம் வலிக்குப் பெத்திடின் ஊசிதான். 1970-களில் டைக்ளோஃபெனாக் சந்தைக்கு வந்தது. கல்லால் சிறுநீர்க்குழாய் அடைபட்டதும் சிறுநீரகத்தில் சுரந்து அழுத்தத்தை ஏற்றும் புரோஸ்டாகிளாண்டினை அது தடுக்கிறது. ஊசி போட்டு அரைமணி நேரத்தில், "வலி விட்டுடுச்சுக்கா" என்று எழுந்து வலை கட்டப் போய்விடுவார்கள்.

கல் அங்கேயேதான் இருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். பெரியது சிக்கினால் ஒருகாலத்தில் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. 1980-ல் மியூனிக் நகரில் அதிர்வலையால் கல்லை உடைத்த பிறகுதான் அந்த நிலை மாறியது. பீர் குடித்தால் கரையும் என்பதை நம்பாதீர்கள். வலிக்கிற நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ளவும் முடியாது. தண்ணீர் அன்றாடம் குடிக்க வேண்டியது.

ஊசியோடு நிற்காமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று இரவே செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.