விரல் போன பிறகும் விரலுக்கு இடம்

கண்ணை மூடியிருந்தாலும், யாராவது தொட்டால் அது சுண்டுவிரலா கட்டைவிரலா என்று தெரிந்துவிடுகிறது. மூளையின் மேற்பரப்பில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் இருப்பதுதான் காரணம். கனடாவின் மாண்ட்ரியலில் உருவான இந்தத் தொடுவரைபடம் 1937இல் அச்சேறியது. வலிப்பு நோயாளிகள் விழித்திருக்க மூளை அறுவை செய்த வைல்டர் பென்ஃபீல்ட், எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து அதைத் தயாரித்தார். மூளையில் இலேசாக மின்சாரம் பாய்ச்சுவது, உணர்வு எங்கே தெரிகிறது என்று நோயாளியையே கேட்பது. அதுதான் முறை. உதட்டுக்கும் விரல்களுக்கும் தாராளமான இடம், முதுகுக்குச் சிறு துண்டு. கைக்கு அண்டையில் முகம்.

வளர்ந்தவர்களிடம் இந்த வரைபடம் மாறாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்காவில் மைக்கேல் மெர்செனிக், ஜான் காஸ் குழுவினர் வளர்ந்த குரங்குகளின் மீடியன் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். கட்டைவிரல் பக்கத்து உள்ளங்கையின் உணர்வு அந்த நரம்பின் வழியேதான் போகிறது. 1983இல் முடிவுகள் வெளிவந்தன: நரம்பு போனபின், அதற்குரிய மூளைப்பகுதி சில வாரங்களில் புறங்கைக்கும் பக்கத்து விரல்களுக்கும் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. ஆளில்லாத மனையை அக்கம்பக்கத்தார் வளைத்துக்கொண்டது போல. வெட்டித் தைத்த நரம்பிலோ இழைகள் வழிமாறி வளர்ந்ததால், வரைபடம் திட்டுத்திட்டாகக் கலைந்து திரும்பியது.

1991இல் டிம் பான்ஸ் குழு இன்னும் பெரிய மாற்றத்தைக் கண்டது. கை உணர்வு நரம்புகள் அறுபட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன குரங்குகளில், முகத்தின் பகுதி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்து கையின் இடத்துக்குள் நுழைந்திருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து சான் டியாகோவில் ஆய்வு செய்துவந்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். சிலர், இல்லாத விரலிலும் தொடுகை தெரிவதாகச் சொன்னார்கள்.

ஆனால் 2025இல் வந்த ஓர் ஆய்வு இந்தக் கதையைத் திருத்தியது. கை அகற்றப்படவிருந்த மூவரின் மூளையை அறுவைக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்தார்கள். இல்லாத விரல்களை அசைக்க முயன்றபோது, பழைய வரைபடமே ஏறக்குறைய அப்படியே தெரிந்தது. உதடு கையின் இடத்தைப் பிடித்துவிடவில்லை.

ஆக, அண்டைப் பகுதிகளின் குரல் உள்ளே கேட்கலாம். அதனால் பழைய வரைபடம் அழிந்துவிட்டதாகாது. நரம்பு வெட்டுப்பட்டுத் தைத்துக்கொண்டவர்களுக்கு இது தெம்பான செய்தி. ஆனால் தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி சேர மாதக்கணக்காகும். வழிமாறி வரும் சேதிகளைப் புரிந்துகொள்ள மூளைக்குப் பயிற்சி வேண்டும். கண்ணை மூடித் துணியையும் நாணயத்தையும் தடவி அடையாளம் சொல்லும் பயிற்சி சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். மருத்துவர் சொன்னால், அதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.