கோர்லின் சமன்பாடு

கோர்லின் சமன்பாடு என்பது இதய வால்வின் திறப்புப் பரப்பளவைக் கணக்கிட உதவும் வாய்பாடாகும். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் கோர்லினும், பொறியாளரான அவருடைய தந்தையும் இதனை 1951 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். துளை வழியே நீர் பாயும் அளவைக் கூறும் நீரியல் விதியே இதன் அடிப்படை.

கணக்கிடும் முறை

இடது கீழறை சுருங்கும்போது பெருந்தமனி வால்வு வழியே நொடிக்குப் பாயும் குருதியின் அளவை (மில்லிலிட்டர்), வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாட்டின் (மி.மீ. பாதரசம்) வர்க்கமூலத்தை 44.3 ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விடை சதுர சென்டிமீட்டரில் கிடைக்கும். 44.3 என்பது மருத்துவ எண் அன்று. புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கினது (2 × 981) வர்க்கமூலமே அது.

எடுத்துக்காட்டாக, பாய்வு 250, அழுத்த வேறுபாடு 49 எனில் பரப்பளவு ஏறத்தாழ 0.8 ச.செ.மீ. ஆகும். நலமான பெருந்தமனி வால்வின் பரப்பளவு 3 முதல் 4 ச.செ.மீ.; 1 ச.செ.மீ. அல்லது அதற்கும் குறைவு எனில் கடுமையான குறுக்கமாகக் கொள்ளப்படும்.

குறைபாடு

நீர்க்குழாயின் துளை மாறாதது, வால்வு அவ்வாறன்று. இதயத்தசை வலுவிழந்து பாய்வு குறையும்போது, மிதமாகக் குறுகிய வால்வும் போதிய அளவு திறவாமல், கடுமையாகக் குறுகியதுபோல் கணக்கில் தோன்றும். இதனை நம்பி வால்வை மாற்றினால் நோயாளிக்குப் பயன் கிட்டாமற் போகலாம். எனவே டோபியூட்டமின் மருந்தால் பாய்வை உயர்த்தி மீண்டும் அளப்பர். பரப்பளவு கூடினால் அது போலிக் குறுக்கம். பரப்பளவு மாறாது அழுத்த வேறுபாடு மட்டும் உயர்ந்தால் உண்மைக் குறுக்கம்.

செயற்கை வால்வுகள்

செயற்கை வால்வின் வளையமும் இதழ்களும் வழியின் ஒரு பகுதியை அடைத்துக்கொள்வதால், பயனுறு பரப்பளவு அதன் பெயரளவு விட்டத்தைக்கொண்டு கணிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். பழுதின்றி இயங்கும் வால்வும் நோயாளியின் உடலளவுக்குச் சிறிதாக அமையக்கூடும்; இப்பொருத்தமின்மையை 1978 இல் ரகிம்தூலா விளக்கினார். உலோக, கரிம வட்டுகள் கொண்ட வால்வுகளில் வடிகுழாய் சிக்கிக்கொள்ளும் இடர் உள்ளதால், அவற்றை டாப்ளர் மீயொலி கொண்டே அளக்கின்றனர்.